கடைசி வார்த்தையைப் பிடி

புகார் மேசையில் இருந்த பெண் நன்றாகக் காது கொடுத்துக் கேட்டாள். கத்தரிக்கு அதுதான் முதல் சந்தேகம். முப்பது வருஷம் பள்ளிச் சீருடை தைத்த ஐம்பத்தெட்டு வயதுக்காரி அவள். எத்தனையோ அலுவலக மேசைகளுக்கு முன்னால் நின்று கால் கடுத்தவள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் பேனாவை உருட்டுவார்கள், போனைப் பார்ப்பார்கள், கொட்டாவியை வாய்க்குள்ளேயே மென்று விழுங்குவார்கள். இந்தப் பெண் அப்படி எதுவும் செய்யவில்லை. தலையை லேசாகச் சாய்த்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனையின் தரைத்தளத்தில், மருந்துக் கவுண்டருக்கும் லிஃப்டுக்கும் நடுவில் கண்ணாடி போட்ட சின்ன அறை அது. கத்தரி அங்கே வருவது மூன்றாவது தடவை. பக்கத்து நாற்காலியில் அவள் தம்பி, கழுத்தைச் சுற்றித் துண்டும் மடியில் ஒரு குட்டி நோட்டுமாக உட்கார்ந்திருந்தான். கழுத்தில் இருந்த கட்டியை எடுக்கிறோம் என்று உள்ளே கூட்டிப் போனவர்கள், கட்டியோடு குரலையும் எடுத்துக்கொண்டு அனுப்பியிருந்தார்கள். ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார்கள். அப்புறம், வீக்கம் வடியட்டும் என்றார்கள். மூன்று மாதம் ஆயிற்று. வாயைத் திறந்தால் பஞ்சரான ட்யூப் மாதிரிக் காற்றுதான் வந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்தால் புரையேறிக் கண் பிதுங்கியது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அந்த வேலையில் ஒருவன் மேலே இயந்திர அறையில் இருப்பான், ஒருவன் கீழே குழிக்குள் இருப்பான். குரல்தான் இரண்டு பேருக்கும் உயிர். "நிறுத்து" என்று கத்த முடியாதவனை யாரும் குழிக்குள் இறக்க மாட்டார்கள். கம்பெனியில் அவனை ஸ்டோர் ரூமில் போல்ட்டு பிரிக்க உட்கார வைத்திருந்தார்கள்.

"மூணு மாசமாச்சு. குரல் வரலை," என்றாள் கத்தரி.

"வரலை. இவ்வளவு நாளாகியும் வரலைன்னா எவ்வளவு வேதனையா இருக்கும்னு புரியுது மேடம்."

"ஆபரேஷன்ல என்ன நடந்துச்சுன்னு யாராவது சொல்லணும்."

"சொல்லணும். கண்டிப்பா சொல்லணும்னு நீங்க எதிர்பார்க்கிறது நியாயம்தான்."

"நியாயம்னா அந்த டாக்டரைப் பாக்க விடுங்க."

"விடுங்கன்னு நீங்க கேக்கறதுல இருக்கற தவிப்பு எனக்குத் தெரியுது."

போன இரண்டு தடவையும் இப்படித்தான் பேசிவிட்டு, மனசு லேசான மாதிரி வெளியே வந்து, பஸ் ஏறிய பிறகுதான் கையில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்திருந்தது. இப்போது கத்தரி அந்தப் பெண்ணின் வாயையே கவனித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"எங்க வீட்டுத் துணிக் கொடியில நாலு யானை காயுது."

"காயுது," என்று ஆரம்பித்துவிட்டாள் அந்தப் பெண். "யானை காயுதுன்னா உங்களுக்கு..." அதற்கு மேல் போகவில்லை. காது மடல்வரை சிவந்துபோனாள்.

"யாரும்மா உனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

"ட்ரெய்னிங் மேடம்." குரல் தாழ்ந்துவிட்டது. "ரெண்டு நாள் நடந்துச்சு. ஒரு நாடகக் குழுவிலேருந்து வந்தாங்க."

இழுப்பறையிலிருந்து அவள் எடுத்துக் காட்டிய வழவழப்பான கையேட்டின் அட்டையில், நரைத்த தாடியோடு ஒருவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சிரித்தார். 'கடைசி வார்த்தையைப் பிடி. பரிவோடு கேட்கும் கலை. உருவாக்கியவர்: டயர் கொட்டகையின் நிறுவனர்.'

தம்பி எட்டிப் பார்த்தான். நோட்டைத் திறந்து எழுதி அக்காவிடம் நீட்டினான். 'நாடகத் தியேட்டர்ல குரலைக் குடுத்தேன். ஆபரேஷன் தியேட்டர்ல குரலை விட்டேன். ரெண்டும் பங்காளிங்கன்னு இப்பதான் தெரியுது.'

கத்தரிக்குச் சிரிப்பு வரவில்லை. கையேட்டை வாங்கி மேசையில் கவிழ்த்துப் போட்டாள்.

*

அந்தக் கலையை உருவாக்கியது தாடிக்காரன் இல்லை. கத்தரிதான். அதுவும் பரிவால் உருவாக்கியது இல்லை, எரிச்சலில் உருவாக்கியது.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், கடைத்தெருக் கோடியில் காலியாகக் கிடந்த டயர் கிடங்கில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு நாடகம் போட்டார்கள். மூன்று அங்கம். மூன்றாவது அங்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்ற ஆசிரியர், அன்றைக்கு வரவே இல்லை. மாமனார் வீட்டில் சண்டையாம், பெண்டாட்டியைச் சமாதானப்படுத்தப் போய்விட்டார். பழைய டயர்களின் மேல் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஐந்து பேரும் மேடையேறி வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். முதல் இரண்டு அங்கத்துக்கும் மரியாதைக்குச் சிரித்த கூட்டம், எழுதாத மூன்றாவது அங்கத்துக்கு டயரிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தது. அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவர்கள் காகிதத்தைத் தொடவில்லை. கூட்டத்திலிருந்து யாராவது ஓர் இடம், ஒரு தொழில் சொல்வார்கள். அங்கேயே, அப்போதே நாடகம். வேஷம் கிடையாது, திரை கிடையாது, ஒத்திகை பார்த்த வசனம் கிடையாது.

ஐவரில் முன்னால் நின்றவனுக்கு ராஜபார்ட் என்று பெயர் வைத்தார்கள். அது பாராட்டு இல்லை. எந்தக் காட்சியானாலும் இரண்டாவது நிமிஷத்தில் அவன் அதிகாரியாகிவிடுவான். காய்கறிக் கடை என்றால் சந்தைக்கே முதலாளி, பள்ளிக்கூடம் என்றால் தலைமையாசிரியர். சாவு வீடு என்றால் பிணமாகப் படுத்துக்கொண்டே எல்லோரையும் வேலை வாங்குவான். பார்க்க அழகன், குரல் கணீரென்று இருக்கும், கூட்டத்துக்கு அவனைப் பிடிக்கும். ஒரே குறை, அடுத்தவர் பேசுவது அவன் காதில் ஏறவே ஏறாது. மற்றவர்கள் பேசுகிற நேரத்தில் தன் அடுத்த வசனத்தை மனசுக்குள் மாவு பிசைந்துகொண்டிருப்பான்.

தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது. அவன் வாயிலிருந்து வராத சத்தம் இல்லை. லாரி, மாடு, கீச்சிடும் கதவு, தண்ணீர் கொட்டும் குழாய், தூரத்துக் கல்யாண மேளம். ஒரு நாள் பயிற்சியில் அவன் தொண்டை கம்ம, "அண்ணே, அப்பா செத்துட்டாரு," என்றான். ராஜபார்ட் கம்பீரமாகத் திரும்பி, "சரி சரி, அப்பாவைக் கூப்பிடு, சம்பந்தம் பேசலாம்," என்றான்.

கத்தரி அன்று கடையிலிருந்து நேராக வந்திருந்தாள், கையில் துணி வெட்டும் கத்தரியோடு. அதை நீட்டிக்கொண்டே சொன்னாள். "இனிமே அடுத்தவன் சொன்ன கடைசி வார்த்தையிலதான் நீ ஆரம்பிக்கணும். அந்த வார்த்தையைப் பிடிக்க முடியலைன்னா வாயைத் திறக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுதான்னு கேட்டா புரியுதுன்னுதான் சொல்லுவேன்," என்றான் ராஜபார்ட். எல்லோரும் கைதட்டினார்கள். விதி நின்றுவிட்டது.

அந்த விதியால்தான் டயர் கொட்டகை, டயர் கொட்டகை ஆனது. ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுப் பேசினால் எவ்வளவு சிரிப்பு வரும் என்று அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒரு காட்சி எப்போது முடிய வேண்டும் என்பதைக் கத்தரிதான் முடிவு செய்வாள். ஓரமாக நின்று, சிரிப்பு உச்சிக்குப் போகிற நொடியில் ஒரே ஒரு தட்டு தட்டி "வெட்டு" என்பாள். அவளுக்கு அந்தப் பெயர் அப்படி வந்தது. ஊரில் புருஷன் பெண்டாட்டி சண்டையில்கூட யாராவது கையைத் தட்டி "வெட்டு" என்றால் சண்டை நின்று சிரிப்பு வந்துவிடும் என்கிற அளவுக்கு அது பரவியது. கொட்டகையில் பழகியவர்கள் டிவிக்குப் போனார்கள், சினிமாவில் காமெடி எழுதினார்கள், ஒருத்தி விளம்பரக் கம்பெனி நடத்தினாள், ஒருவன் அரசியல்வாதிகளுக்கு மேடைப் பேச்சு பழக்கினான். ஆசிரியர்கள் வகுப்பில் அந்த விளையாட்டை ஆட வைத்தார்கள். இன்றைக்கு ஊரில் யார் வாயைத் திறந்து ஜோக்கடித்தாலும், நோண்டிப் பார்த்தால் அடியில் ஒரு டயர் இருக்கும்.

பதினோராம் வருஷம் கத்தரியின் அம்மா படுத்த படுக்கையானாள். ஒரு மாதம் வர முடியாது என்று சொல்லிவிட்டுப் போன கத்தரி, திரும்பி வந்தபோது அவள் நிற்கிற இடத்தில் ஒரு சுவிட்ச் போர்டு இருந்தது.

"இப்பெல்லாம் லைட்டை அணைச்சாலே காட்சி முடிஞ்சிருது கத்தரி," என்றான் ராஜபார்ட். "நீ எதுக்கு வீணா அலையணும்?"

அவள் மறுபேச்சுப் பேசாமல் வெளியே வந்துவிட்டாள். அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று பிறகு பல வருஷம் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து நினைத்திருக்கிறாள்.

*

செவ்வாய்க்கிழமை காலையில் கத்தரி அங்கே போனாள். கிடங்கு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கண்ணாடிக் கட்டடம். கீழே காபிக் கடை, நடுவில் பயிற்சி அறைகள், மேலே அரங்கம். மாடிப்படிச் சுவர் முழுக்க 'முப்பத்தைந்து ஆண்டுச் சிரிப்பு' என்று சரித்திரத்தைப் படம் படமாக ஒட்டியிருந்தார்கள். முதல் படம் அவளுக்குத் தெரிந்த படம். ஐந்து பேர், டயர் குவியலின் மேல். கீழே சின்ன எழுத்தில் யார் யார் என்று போட்டிருந்தது. நடுவில் இருந்தவனுக்கு 'நிறுவனர்.' தம்பிக்கு 'ஒலி.' அவளுக்கு 'உடை உதவி.'

இரண்டு தடவை படித்தாள்.

"உடையே இல்லாத நாடகத்துக்கு உடை உதவியா?" என்று சுவரைப் பார்த்து உரக்கவே கேட்டாள். காபிக் கோப்பையோடு இறங்கிவந்த இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மேல்மாடி அறையில், இப்போது நரைத்த தாடி வைத்திருந்த ராஜபார்ட் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "கத்தரி! நம்பவே முடியலை!" மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தான், தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். அவள் சுவரைப் பற்றிப் பேசவில்லை. அதற்காக வரவில்லை. தம்பியின் கட்டியிலிருந்து ஆரம்பித்தாள். அறுவை சிகிச்சை, வராத குரல், புரையேறும் தண்ணீர், போல்ட்டு பிரிக்கும் ஸ்டோர் ரூம், மூன்று தடவை அலைந்த புகார் மேசை. முக்கால் மணி நேரம் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான். நீங்க சொல்லிக் குடுத்ததைச் செய்யுது. ஆனா இதை வச்சு ஜனங்களைத் தாலாட்டித் திருப்பி அனுப்பறாங்க."

"அனுப்பறாங்க." அவன் கண்ணை மூடித் திறந்தான். "வந்தவங்களைத் திருப்பி அனுப்பறது பெரிய கொடுமை கத்தரி."

"நீ அந்த ஆஸ்பத்திரி நிர்வாகிகிட்ட ஒரு வார்த்தை பேசு. தம்பி தொண்டைக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லச் சொல்லு. அது போதும்."

"போதும். நீ இவ்வளவு தூரம் வந்ததே போதும். மனசுல வச்சுக்கிட்டேன்." அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆண்டு விழா. அந்த நிர்வாகியும் வர்றார், முன்வரிசை. நீ தம்பியைக் கூட்டிக்கிட்டு வா. பழைய ஆளுங்க சேர்ந்து நிப்போம்."

இத்தனை வருஷம் இவனை அநியாயமாகக் கரித்துக்கொட்டியிருக்கிறோமோ என்றுகூட நினைத்தாள். பாதி வழியில், பஸ் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்திருந்தபோதுதான் உறைத்தது. அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எந்த டாக்டர், எப்போது செய்தார்கள், இப்போது எப்படி இருக்கிறான், ஒன்றுமே கேட்கவில்லை.

"போக வேண்டாம்டா," என்றாள் வீட்டுக்கு வந்து.

தம்பி நோட்டில் எழுதினான். 'அந்த நிர்வாகி மூஞ்சிய நேர்ல பாக்கணும். போவோம்.'

*

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அரங்கம் நிரம்பியிருந்தது. முந்நூறு பேர் இருக்கும். முன்வரிசையில் சாம்பல் நிறக் கோட்டு போட்ட நிர்வாகி. கத்தரியையும் தம்பியையும் மேடையின் ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மேடைக்குக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசுவான், நிர்வாகியிடம் அறிமுகப்படுத்துவான் என்று கத்தரி நினைத்திருந்தாள்.

ராஜபார்ட் ஒலிவாங்கியை எடுத்தான். "இந்தக் கொட்டகையோட முதல் சத்தம் யார் தெரியுமா? லாரியும் மாடும் ஒரே வாயில வெச்சிருந்த மனுஷன்! இதோ!" என்று தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடு மேடைக்குப் போய்விட்டான். தம்பி திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் எழுந்திருப்பதற்குள் விளக்கு அவர்கள்மேல் விழுந்துவிட்டது.

"ஒரு இடம் சொல்லுங்க!"

"போலீஸ் ஸ்டேஷன்!" என்று யாரோ கத்தினார்கள்.

ராஜபார்ட் உடனே தோளை விரித்து இன்ஸ்பெக்டர் ஆனான். "யோவ், என்னய்யா காணாமப் போச்சு?"

தம்பி வாயைத் திறந்தான். காற்று வந்தது.

"காத்தா! காத்து காணாமப் போச்சா?" அரங்கம் அதிர்ந்தது.

தம்பி தலையை ஆட்டி, தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

"ஓ, கழுத்துச் சங்கிலி! எத்தனை பவுன்?" மறுபடியும் சிரிப்பு. பழைய ஒலி மன்னன் ஊமை நாடகம் ஆடுகிறான் என்று கூட்டம் நினைத்தது. தம்பி ஒவ்வொரு எழுத்தாக வாயசைத்தான். கு. ர. ல். வெறும் காற்று. முயன்றதில் எச்சில் தவறான வழியில் போய் இருமல் பிடித்துக்கொண்டது. இரண்டாக மடிந்து இருமினான். அந்த இருமலுக்கும் கைதட்டினார்கள்.

கத்தரி நடு மேடைக்குப் போய் இரண்டு கையையும் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

"வெட்டு!"

சிரிப்பு நின்றது.

"இவன் நடிக்கலை. இவனுக்குக் குரல் போயிருச்சு."

"போயிருச்சு!" ராஜபார்ட்டின் வாய் தானாகப் பிடித்துக்கொண்டது. "குரல் போயிருச்சுன்னா ஸ்டேஷன்ல கேஸ்..." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு கிசுகிசுத்தான். "கத்தரி, நிஜமாவா? எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே."

"சொன்னேன்." அவள் கிசுகிசுக்கவில்லை. "செவ்வாய்க்கிழமை உன் ரூம்ல, உன் மெத்தை நாற்காலியில உக்காந்து முக்கால் மணி நேரம் சொன்னேன். நீ என் கடைசி வார்த்தைய மட்டும் எடுத்துக்கிட்டே. மிச்சத்தை நீ கேக்கவே இல்லை. கண்ணுல தண்ணி வேற வந்துச்சுடா உனக்கு! யாருக்காக வந்துச்சு அது?"

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"இந்த விளையாட்டை உண்டாக்கினது நான். இந்த ஆளு அடுத்தவன் பேச்சைக் கேக்க மாட்டான்னு, கேக்க வைக்கறதுக்காக உண்டாக்கினேன். கேக்காமலே கேட்ட மாதிரி இருக்கறதுக்கு இதை வித்திருக்காங்க. அதோ முன்னால உக்காந்திருக்காரே, அவர் ஆஸ்பத்திரியில இதைத்தான் புகார் மேசையில வெச்சிருக்காங்க. என் தம்பி குரல் எங்க போச்சுன்னு மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் என் வார்த்தையத்தான் என் கையில திருப்பிக் குடுத்தாங்க. ஐயா, கோட்டு போட்ட ஐயா, உங்களத்தான் கேக்கறேன். ஆபரேஷன்ல..."

விளக்கு அணைந்தது. யாரோ சுவிட்சைத் தட்டிவிட்டார்கள்.

இருட்டில் அவள் பேச்சை நிறுத்தவில்லை. கட்டி, தேதி, வார்டு, ஆஸ்பத்திரியில் சொன்னது, சொல்லாதது என எல்லாவற்றையும் கத்தினாள். குரல் கிழிந்தது. கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள், சிலர் சிரித்தார்கள், நிறைய பேர் எழுந்திருக்கும் நாற்காலிச் சத்தம் கேட்டது. மறுபடி வெளிச்சம் வந்தபோது கோட்டுக்காரர் இருந்த நாற்காலி காலியாக இருந்தது. ராஜபார்ட் மேடையில் இல்லை. தம்பி மட்டும் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான்.

*

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், புகார் மேசைப் பெண் தையல் கடைக்கு வந்து நின்றாள். கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை இல்லை.

"யாரோ போன்ல எடுத்துப் போட்டிருந்தாங்கம்மா. பாத்தேன்," என்றாள். "அன்னிக்கு யானையைச் சொன்னீங்களே, அன்னிலேருந்து எனக்குத் தூக்கமில்லை."

"உக்காரு."

உட்காரவில்லை. பையிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்து வெட்டு மேசையில் வைத்தாள். "இது ஒரு விண்ணப்பம். ஆபரேஷன் குறிப்பை நோயாளி கேட்டு வாங்கலாம். இதுல கையெழுத்துப் போட்டுக் குடுத்தா பதினஞ்சு நாளுக்குள்ள அவங்க குடுத்தே ஆகணும். அதுதான் ஆஸ்பத்திரி விதி."

கத்தரி தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது முன்னாடியே உங்கிட்ட இருந்துச்சா?"

"என் இழுப்பறையிலதான் இருந்துச்சு. பேரு சொல்லிக் கேட்டா மட்டும் குடுக்கணும்னு சொல்லியிருந்தாங்க."

"பேரே தெரியாத தாளை எப்படிடி பேரு சொல்லிக் கேக்கறது?" கத்தரி மேசையில் ஓங்கி அறைந்தாள். ஊசிப் பெட்டி கவிழ்ந்து சிதறியது. "மூணு தடவை வந்தேனே! எட்டிக் கை நீட்டினா எடுக்கற தூரத்துல வெச்சுக்கிட்டு, தவிப்பு தெரியுது, வேதனை புரியுதுன்னு..."

அந்தப் பெண் அழுதாள். ஆனால் ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்லவில்லை. குனிந்து ஊசிகளைப் பொறுக்கினாள். கத்தரியும் கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்தாள். ஆறுதல் சொல்லவில்லை. வேலை போய்விட்டதா என்று மட்டும் கேட்டாள். மாற்றிவிட்டார்கள், பழைய கோப்பு அறைக்கு என்றாள் அவள்.

பதினான்காவது நாள் குறிப்பு வந்தது. அதன் பிறகு டாக்டரைப் பார்ப்பதை யாராலும் தடுக்க முடியவில்லை. ஒல்லியான, தூக்கம் கெட்ட மனிதர். தம்பியைப் பார்த்துப் பேசினார், அக்காவைப் பார்த்து இல்லை.

"வலது பக்கம் குரல் நாணுக்குப் போற நரம்பு கட்டியோட ஒட்டியிருந்துச்சு. எடுக்கும்போது அறுந்துருச்சு. என் கையாலதான் அறுந்துச்சு. அப்பவே தெரியும். எழுதியும் வெச்சேன்."

"அப்ப வீக்கம்னு சொன்னது?"

"நேரா எதுவும் பேச வேண்டாம், புகார் பிரிவு பாத்துக்கும்னு மேலேருந்து சொன்னாங்க. நான் கேட்டுக்கிட்டேன். அது தப்பு."

தம்பி நோட்டில் எழுதிக் காட்டினான். 'இனிமே?'

"அசையாம நிக்கற நாணை நடுவுக்குத் தள்ளி வைக்க ஒரு சின்ன சிகிச்சை இருக்கு. பேச்சு வரும், பழைய மாதிரி இருக்காது. புரையேறது குறையும்." குறிப்பில் இருந்த தேதியைத் தொட்டுக் காட்டினார். "இதை முதல் மாசமே செஞ்சிருக்கலாம்."

கத்தரி எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வாய் வரை வந்த வசவுகளை எல்லாம் அவள் சொல்லத்தான் செய்தாள், ஒன்று விடாமல். டாக்டர் தலை குனிந்து கடைசிவரை கேட்டார்.

சிகிச்சையை வேறோர் ஊரில், வேறொரு டாக்டரிடம் செய்துகொண்டார்கள். ஆறு வாரத்தில் தம்பிக்கு ஒரு குரல் வந்தது. சரளைக்கல்லில் பலகையை இழுத்த மாதிரியான குரல். பத்தடி தூரத்துக்குக் கேட்கும். குழிக்குள் இறங்க அது பற்றாது. லாரியும் மாடும் வரவில்லை. ஒரு நாள் குளியலறையில் அவன் கதவுச் சத்தம் போட்டுப் பார்ப்பது கத்தரிக்குக் கேட்டது. இரண்டு தடவை முயன்றான். பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டான். கேட்டதாக அவள் காட்டிக்கொள்ளவில்லை.

மருத்துவமனை அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டது. டயர் கொட்டகை அதற்கு 'எதிரொலி' என்று பெயர் மாற்றி ஒரு வங்கிக்குக் கற்றுக்கொடுத்தது. மழைக்காலம் முடிகிற சமயத்தில் கொட்டகையிலிருந்து ஒரு கூரியர் வந்தது. சுவரில் இனி 'இணை நிறுவனர்' என்று போடுவதாகவும், அந்த விளையாட்டை அவர்கள் பயன்படுத்துவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று அவள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றும் எழுதியிருந்தது. கூடவே ராஜபார்ட் தன் கையால், 'இன்னும் கோபமா கத்தரி?' என்று ஒரு வரி.

அன்று மூன்று டஜன் காலர் தைக்க வேண்டியிருந்தது. அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். ஒப்பந்தத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில், செவ்வாய்க்கிழமை காலை அவன் அறையில் தான் சொன்னதை முதல் வார்த்தையிலிருந்து எழுத ஆரம்பித்தாள். தம்பியின் கட்டி, தேதி, வார்டு, தண்ணீர், போல்ட்டு, மேசை. இடம் போதாமல் பில் புத்தகத்திலிருந்து நான்கு தாள் கிழித்துச் சேர்த்தாள். எழுத எழுதப் பேனா தாளைக் கிழித்தது.

"யாருக்குக்கா இவ்வளவு பெரிய லெட்டர்?" என்றான் தம்பி, அந்தப் புதுக் குரலில்.

"கேக்காதவனுக்கு," என்றாள்.

கையெழுத்துப் போடவில்லை. கவரில் திணித்து ஒட்டினாள், செருப்பை மாட்டிக்கொண்டு தபால் நிலையத்துக்குக் கிளம்பினாள்.